ஹீரோவுக்கு என்ன சம்பளம்?

நாவல் படிக்கிறவர்களில் பல ரகம் உண்டு. கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டி, 'அப்பாடா, சேர்ந்துட்டாங்க' என்று நிம்மதியான பிறகு முதல் பக்கத்துக்கு வருகிறவர்கள் ஒரு ரகம். வர்ணனை வந்தால் நாலு பக்கம் தாண்டிக் குதித்து, யாராவது பேசுகிற இடத்தில் இறங்குகிறவர்கள் இன்னொரு ரகம். அட்டைப் படத்தை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் மூன்றாவது ரகம். (இந்த ரகத்தில்தான் மெம்பர்ஷிப் அதிகம்!)

நான் நாலாவது ரகம். படித்தது பி.காம். அந்த தோஷம் இன்னும் விடமாட்டேன் என்கிறது. கதாநாயகன் அறிமுகமானதும் எனக்கு வருகிற முதல் சந்தேகம், 'சரி தம்பி, மாசம் என்ன வருது?' என்பதுதான்.

'பொன்னியின் செல்வன்' படிக்கும்போதே இந்தத் தொந்தரவு இருந்தது. ஆடிப்பெருக்கு அன்று ஏரிக்கரையில் வந்தியத்தேவன் ஜம்மென்று குதிரையில் வருகிறான். ஆதித்த கரிகாலன் காஞ்சியிலிருந்து ஓலை கொடுத்து அனுப்பியிருக்கிறான். அதாவது கூரியர் வேலை. எல்லோரும் ஏரியின் அழகில் மயங்கினால், எனக்கு மட்டும் அந்தக் குதிரைக்குக் கொள்ளு வாங்குவது யார் கணக்கில் என்ற கவலை. ஐந்து பாகம், ஆயிரக்கணக்கான பக்கம்... ஒரு டி.ஏ. பில் கிடையாது!

அதற்கப்புறம் வந்த தொடர்கதை ஹீரோக்களைச் சொல்லவே வேண்டாம். அப்பாவுக்கு எஸ்டேட் இருக்கும். இல்லாவிட்டால் இவர் துப்பறிவார். காலை பத்து மணிக்கு பீச்சில் உட்கார்ந்து காதலிக்க இவர்களுக்கு லீவு கொடுக்கும் மானேஜர் யார்? விலாசம் கிடைத்தால் நானும் அங்கே அப்ளை பண்ணுவேன்.

போகட்டும். இந்த வருஷம் ரயிலிலும் பஸ்ஸிலும் கரண்ட் போன ராத்திரிகளிலுமாக நான் படித்ததில் ஐந்து நாவல்கள் இந்த விஷயத்தில் வித்தியாசமானவை. ஐந்திலும் வேலை இருக்கிறது. சம்பளம் இருக்கிறது, அல்லது சம்பளம் வராத கஷ்டம் இருக்கிறது. ஐந்தும் ஐந்து காலத்தவை. ஆனால் ஐந்திலும் ஒரே கேள்விதான்: ஒரு வாலிபப் பையனின் விலை என்ன, அதை யார் நிர்ணயம் பண்ணுகிறார்கள்?

இது இலக்கிய விமரிசனம் இல்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் 'சார், இதைப் படிச்சீங்களா?' என்று கேட்கிற மாதிரிதான். விமரிசகர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

மாப்பிள்ளையா, மானேஜரா?

முதலில் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. புத்தகமாக வந்தது 1959-ல். சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் வாழ்நாளில் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. இன்னொன்று, 1972-ல் வந்த 'புயலிலே ஒரு தோணி'. அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மூத்த பிள்ளையை யாரும் விசாரிப்பதில்லை. எனக்கென்னவோ இந்த மூத்ததுதான் பிடித்தது.

கதை நடப்பது பினாங்கில். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். அந்த நாளில் செட்டிநாட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் மலேயா, பர்மா, சுமத்ரா என்று போய் வட்டிக்கடை நடத்தினார்கள். அந்தக் கடையில் ஒரு பெரிய உத்தியோக ஏணியே உண்டு. சின்னப் பையனாகப் போனால் பெட்டியடிப் பையன். கணக்கு வழக்கு கற்றுக்கொண்டால் அடுத்தாள். அதற்கும் மேலே, கடையையே பொறுப்பேற்று நடத்துகிற மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வந்து பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்கலாம். ஐ.டி. கம்பெனியில் 'ஆன்சைட்' போவதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

ஹீரோ செல்லையா அப்படி ஒரு வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கிறான். யுத்தம் முடிகிறது. ராணுவம் கலைகிறது. திரும்பி வருகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்துக்கும் இவனுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை. பையன் நல்லவன், நம்பிக்கையானவன், வேலை தெரிந்தவன். சினிமாவாக இருந்தால் அடுத்த ரீலில் கெட்டிமேளம்.

இங்கேதான் பிள்ளை ஒரு கணக்குப் போடுகிறார். வட்டிக்கடை நடத்துகிறவனுக்குப் பொறுமை வேண்டும், பணிவு வேண்டும், கடன்காரன் நாலு வார்த்தை அதிகமாகப் பேசினாலும் சிரிக்கத் தெரிய வேண்டும். துப்பாக்கி பிடித்தவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. அவருக்கு வேண்டியது மகளுக்கு மாப்பிள்ளை மட்டும் இல்லை, கடைக்கு வாரிசு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே கவரில்!

என்னை உலுக்கினது எது தெரியுமா? பிள்ளை வில்லன் இல்லை. மீசை முறுக்குவதில்லை, ஆள் வைத்து அடிப்பதில்லை. அவர் கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஒரு மனுஷன் நல்லவனாக இருப்பது வேறு, இன்னொருத்தர் கணக்கில் அவன் பொருந்துவது வேறு என்று செல்லையாவுக்குப் புரிகிற இடத்தில், இன்டர்வியூவில் 'வி வில் கெட் பேக் டு யூ' கேட்டுவிட்டு வெளியே வந்த அத்தனை பேருக்கும் தொண்டை அடைக்கும்.

குறை சொல்லணும்னா, நண்பர்கள் கூடி உட்கார்ந்து பேசும்போது பேச்சு கொஞ்சம் நீளம். ஆனால் சிங்காரம் பார்த்து எழுதியவர். இளம் வயதிலேயே கப்பலேறி இந்தோனேசியாவில் மெடான் நகரத்தில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் பல வருஷம் உத்தியோகம். அவருடைய இரண்டாவது நாவல் பதிப்பாளர் கிடைக்காமல் பல வருஷம் காத்திருந்தது. அவரையும் யாரோ தங்கள் கணக்கில் பொருந்தாதவர் என்று நினைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

வீட்டோடு மாப்பிள்ளை வேணுமா?

இரண்டாவது, நாஞ்சில் நாடனின் முதல் நாவல், 'தலைகீழ் விகிதங்கள்'. 1977-ல் வந்தது. தங்கர்பச்சான் இயக்கத்தில் சேரன் நடித்து 2002-ல் வந்த 'சொல்ல மறந்த கதை' இதுதான். படம் பார்த்தவர்களும் நாவலைப் படிக்கலாம். காரணம், படத்தில் கேட்க முடியாத ஒன்று நாவலில் கேட்கிறது: சிவதாணுவின் மனசுக்குள் ஓடுகிற மீட்டர்.

நாஞ்சில் நாடன் கணிதம் படித்தவர். தலைப்பிலேயே தெரிகிறதே! ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்குவது தலைகீழ் விகிதம். பள்ளிக்கூடத்தில் 'பத்து ஆள் ஒரு சுவரை ஆறு நாளில் கட்டினால், பதினைந்து ஆள் எத்தனை நாளில் கட்டுவார்கள்?' என்று கேட்டு உயிரை வாங்குவார்களே, அதேதான். இங்கே ஏறுவது மாமனார் வீட்டு வசதி. இறங்குவது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிவதாணு படித்த பையன். ஏழை வீடு. வேலை கிடைக்கவில்லை. பணக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டினால் தன் கஷ்டமும் தீரும், வீட்டுக் கஷ்டமும் தீரும் என்று சுற்றி உள்ளவர்கள் சொல்கிறார்கள். கட்டுகிறான். அதற்குப் பிறகு அவன் சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்துக்கும் யாரோ ஒருவர் மனசில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு எரிச்சல். நேரடியாக யாரும் திட்டக்கூட வேண்டாம். ஒரு பார்வை போதும், ஒரு செருமல் போதும். நாவல் முழுக்க அந்தச் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

தெரிந்த தம்பி ஒருத்தன். தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். இந்த நாவலை நான் படித்துக்கொண்டிருந்த வாரம் சந்தோஷமாக வந்தான்.

"அண்ணே, ஒரு இடம் வந்திருக்கு. பொண்ணு வீட்ல கார் தர்றாங்க."

"லோன் யாருப்பா கட்டறது?"

"அவங்கதான்."

"அப்போ கார் யாரோடது?"

"எம் பேர்லதாண்ணே!"

"சரி. ஞாயித்துக்கிழமை உன் மாமியார் கோயிலுக்குப் போகணும்னா யாரு ஓட்டுவா?"

பதில் இல்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தான். "என்னண்ணே, பொண்ணு பார்க்கப் போற நேரத்துல இப்படியொரு புஸ்தகத்தைக் குடுத்துட்டீங்க" என்றான். அப்புறம் மெதுவாக, "கார் வேணாம்னு சொல்லிட்டேன். பொண்ணு வேலைக்குப் போகுது, நானும் போறேன். ரெண்டு பேருமா சேர்ந்து ஸ்கூட்டர் வாங்கிக்கிறோம்னு சொன்னேன்" என்றான். பெண் வீட்டார் ஆச்சரியப்பட்டார்களாம். பையனுக்கு ஏதாவது வியாதியோ என்று விசாரித்தார்களாம்!

நாவலில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சிவதாணுவின் எரிச்சல் நமக்குப் புரிகிற அளவுக்கு அவன் மனைவி பார்வதியின் மனசு புரிவதில்லை. கல்யாணச் சந்தையில் விலை பேசப்பட்டது அவளும்தானே? அவள் பக்கத்திலிருந்து இதே கதையை யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

இன்னொரு எச்சரிக்கை: நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டை இவர் எழுதுகிற மாதிரி யாரும் எழுத முடியாது. இரவு பத்து மணிக்கு மேல், மெஸ் மூடிய பிறகு, படிக்காதீர்கள்.

கணக்கு இடிக்குது!

அடுத்தது கன்னடத்திலிருந்து வந்த சரக்கு. விவேக் ஷான்பாக் எழுதிய 'காச்சர் கோச்சர்'. கன்னடத்தில் 2013-ல் வந்தது. தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்த்திருக்கிறார். நூற்றுச் சொச்சம் பக்கம்தான். தாம்பரத்தில் ஏறினால் பீச் போய்த் திரும்புவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் முடித்த பிறகு இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிடுவீர்கள்.

'காச்சர் கோச்சர்' என்றால் கன்னடத்தில் என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் கிடையாது! கதையில் வரும் ஒரு பெண்ணும் அவள் தம்பியும் சின்ன வயதில் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட வார்த்தை. அவிழ்க்க முடியாத சிக்கலுக்குப் பெயர். நம்ம ஊரில் 'இடியாப்பச் சிக்கல்' என்போமே, கிட்டத்தட்ட அது.

பெங்களூரில் ஒரு குடும்பம். அப்பா சேல்ஸ்மேன். சின்ன வீடு, எறும்புத் தொல்லை. ராத்திரி வந்ததும் அப்பா வசூல் பணத்தையும் பில்லையும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பார். ஒரு நாள் கணக்கு இடிக்கிறது. மொத்தக் குடும்பமும் பதறிப்போய் உட்கார்ந்து தேடுகிறது. அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மார்ச் மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு ட்ரயல் பேலன்ஸ் இடித்தவனுக்குத்தான் அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

பிறகு அப்பாவுக்கு வேலை போகிறது. சித்தப்பா மசாலாப் பொடி வியாபாரம் ஆரம்பிக்கிறார். பணம் கொட்டுகிறது. பெரிய வீடு, புது சாமான். எறும்பு போய்விடுகிறது. ஆனால் வேறு ஏதோ உள்ளே வந்துவிடுகிறது. கதை சொல்கிற பையனுக்குக் கம்பெனியில் பெரிய பதவி. பெயர் இருக்கிறது, பணம் வருகிறது, வேலை மட்டும் இல்லை. ஆபீஸ் என்று கிளம்பி காபி ஹவுஸில் போய் உட்காருகிறான். அனிதா என்ற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். கணவன் சம்பாதிக்கிறான் என்று நினைத்து வந்தவளுக்கு, அவன் வாங்குவது சம்பளம் இல்லை, வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்கிற பாக்கெட் மணி மாதிரி ஒன்று என்று தெரிகிறபோது... அங்கே ஆரம்பிக்கிறது சிக்கல்.

சிவதாணு மாமனார் வீட்டுச் சாப்பாட்டை முள்ளாக விழுங்குகிறான். இந்தப் பையனோ சொந்த வீட்டுச் சாப்பாட்டை சுகமாகச் சாப்பிடுகிறான். முள் குத்துவது அவன் பெண்டாட்டிக்கு. இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். வேலை இல்லாதவன் கஷ்டம் ஒரு பக்கம். வேலையே தேவைப்படாதவன் எப்படி மெல்ல மெல்ல எதைக் கண்டாலும் கண்ணை மூடிக்கொள்கிறவனாக ஆகிறான் என்பது இன்னொரு பக்கம். பேய்க்கதைகூட என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை. ஏன் என்று சொன்னால் முடிவு தெரிந்துவிடும். வாயைக் கட்டிக்கொள்கிறேன்.

பேட்டா எப்போ சார் வரும்?

நாலாவது, அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. 1960-களின் கோடம்பாக்கம். சினிமா நாவல் என்றதும் கனவுக்கன்னி, காதல், கிசுகிசு என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகாதீர்கள். இதில் ஹீரோ என்று ஒருத்தர் இருந்தால், அவர் புரொடக்ஷன் மானேஜர் நடராஜன். விடிவதற்கு முன்னால் எழுந்து வண்டி ஏற்பாடு பண்ண வேண்டும், ஒவ்வொருத்தரையும் வீட்டில் போய்ப் பிடிக்க வேண்டும், டிபன் வந்ததா பார்க்க வேண்டும், எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும். கையில் பணம் இல்லாமலே பணம் இருக்கிற மாதிரி பேச வேண்டும்.

அசோகமித்திரனுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஜெமினி ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கும் மேலே வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தை இங்கிலீஷிலும் எழுதினார். அதில் ஒரு பகுதி சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலேயே இடம் பிடித்தது. ஆகவே உங்கள் தம்பி தங்கைகள் உங்களுக்கு முன்னாலேயே இவரைப் படித்திருக்கலாம். ஜாக்கிரதை!

இந்த நாவலில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு ஆளோடு நாம் பழகிக்கொண்டிருப்போம். அடுத்த அத்தியாயத்தில் அவரைக் காணோம். வேறு ஆட்கள், வேறு பிரச்னை. படம் நின்றுபோகிறது. முதலாளி ரெட்டியார் தடுமாறுகிறார். அதை நம்பியிருந்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறுகிறார்கள். ரொம்ப நேரம் கழித்து யாரோ பேச்சுவாக்கில் பழைய ஆளைப் பற்றி ஒரு தகவல் சொல்வார்கள். அவ்வளவுதான். அழுகை இல்லை, பின்னணி இசை இல்லை.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 'என்ன சார், நடராஜனுக்கு என்ன ஆச்சுன்னு விளக்கமா சொல்லக்கூடாதா?' என்று. அப்புறம் யோசித்தால், நிஜத்தில் நடப்பதும் அதுதானே? மூன்று வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் பகிர்ந்துகொண்டவர். திங்கட்கிழமை காலை அவர் கார்டு கேட்டில் வேலை செய்யாது. மெயில் வந்திருக்கும். வாட்ஸ்-அப் குரூப்பில் இரண்டு கும்பிடு, ஒரு பூங்கொத்து. ஆறு மாசம் கழித்து கேன்டீனில் யாரோ, 'அவர் ஊர்ல கடை வச்சிருக்காராமே' என்பார்கள். நாம் 'அப்படியா' என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்போம். அந்த 'அப்படியா'வைத்தான் அசோகமித்திரன் நாவலாக எழுதியிருக்கிறார்.

விறுவிறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. முதல் முப்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதுவே உங்களை விடாது.

சோடாக் கடை வைத்தவன்

கடைசியாக, பெருமாள்முருகனின் 'பூக்குழி'. 2013-ல் வந்தது. இங்கிலீஷில் போய், 2023-ல் இன்டர்நேஷனல் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நாவல். உடனே, 'ஓ, அப்படின்னா புரியாத புஸ்தகமா இருக்கும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் புரியும். தாங்குமா என்பதுதான் கேள்வி.

குமரேசன் கிராமத்துப் பையன். டவுனில் சோடாக் கடையில் வேலை. சைக்கிளில் பாட்டில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறான். அங்கே சரோஜாவோடு காதல். அவள் வேறு சாதி. கல்யாணம் பண்ணிக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்ற தைரியத்தில், பாறை மேல் இருக்கிற தன் குடிசைக்குக் கூட்டி வருகிறான்.

சரியாகவில்லை. அவன் அம்மா மாராயி வைகிற வசவுகளைப் படிக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஊர் கூடிக் கேட்கிற ஒரே கேள்வி, அந்தப் பெண் என்ன சாதி என்பது. கடைசிவரை நாவல் அதை நமக்குச் சொல்வதே இல்லை. பாதி நாவலில் என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். நானும் அந்த ஊர்க்காரர்கள் மாதிரி, 'இவ எந்த ஆளா இருக்கும்?' என்று துப்புத் தேடிக்கொண்டிருந்தேன். எழுத்தாளர் ஒரு வார்த்தை திட்டாமல் வாசகன் கன்னத்தில் அறைவது எப்படி என்று இங்கே கற்றுக்கொள்ளலாம்.

பி.காம். மூளைக்கு இதில் இன்னொரு வேதனை. குமரேசன் சும்மா இருப்பவன் இல்லை. சொந்தமாக சோடாக் கடை போட்டுவிட்டால் நாலு காசு வரும், தனியாகப் போய்விடலாம், மானமாக வாழலாம் என்று கணக்குப் போடுகிறான். கணக்கு சரியான கணக்கு. முதல், வாடகை, லாபம் எல்லாம் பொருந்துகிறது. நானே ஆடிட்டராக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் பேலன்ஸ் ஷீட்டின் அடியில் சின்ன எழுத்தில் 'கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி' என்று ஒன்று போடுவோமே, வரலாம் வராமலும் போகலாம் என்கிற கடன், அதை அந்தப் பையன் சேர்க்கவில்லை. ஊர் என்கிற கடன். சாதி என்கிற கடன். அது கழுத்தில் விழும்போது எந்த சேமிப்பும் போதாது.

2013-ல் தர்மபுரியில், சாதி மாறிக் காதலித்துக் கல்யாணம் செய்து, சில மாசத்தில் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்த இளவரசனுக்கு இந்த நாவலை சமர்ப்பணம் செய்திருக்கிறார் பெருமாள்முருகன். 'மாதொருபாகன்' நாவலுக்காக இவர்மேல் கிளம்பிய எதிர்ப்பில், 2015 ஜனவரியில் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் தீர்ப்புக்குப் பிறகு திரும்ப எழுத வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்தும் ஒரு வேலைதான். அந்த வேலையிலும் ராஜினாமா கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

குறை? குமரேசன் 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்வது எனக்குச் சலித்தது. ஆனால் நாமும் வீட்டில் தினமும் அதைத்தானே சொல்கிறோம், கையில் ஒரு திட்டமும் இல்லாமல்!

ஐந்தொகை

ஐந்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்ன தேறுகிறது?

செல்லையாவின் விலையை முதலாளி போடுகிறார். சிவதாணுவின் விலையை மாமனார் போடுகிறார். பெங்களூர்ப் பையனின் விலையை சித்தப்பாவின் மசாலா போடுகிறது. நடராஜனின் விலையை ஒரு படத்தின் ரிலீஸ் தேதி போடுகிறது. குமரேசனின் விலையை ஊர் போடுகிறது. ஐந்து பேரில் யாருமே சோம்பேறியாகப் பிறந்தவர்கள் இல்லை, கெட்டவர்களும் இல்லை. ஒருத்தருக்காவது தன் விலைச்சீட்டைத் தானே எழுதிக்கொள்ள முடிந்ததா? ஒருத்தரோ இரண்டு பேரோ முயற்சி பண்ணுகிறார்கள். யார் என்பதைப் படித்துப் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்கள். எனக்கு ஒரு பதில் இருக்கிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

இன்க்ரிமென்ட் லெட்டரைக் கையில் வாங்கி, அதில் இருக்கிற பர்சென்டேஜைப் பார்த்துவிட்டு, 'ஓ, என் மதிப்பு இவ்வளவுதானா?' என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிகிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது: அந்த லெட்டரில் இருப்பது கம்பெனியின் கணக்கு. அதில் உங்கள் சம்பளம் ஒரு செலவு ஐட்டம். செலவு ஐட்டத்தை யாரும் உச்சி முகர்ந்து கொஞ்ச மாட்டார்கள். உங்கள் கணக்குப் புத்தகம் வேறு. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். இதை நான் சொன்னால் அட்வைஸ். அந்த ஐந்து பேரும் சொன்னால் நாவல். அதனால் அங்கேயே போங்கள்.

காசு போட்டு வாங்க வசதியில்லையா? பேட்டை நூலகத்தில் மெம்பர் ஆகுங்கள். அங்கே ஃபேன் ஓடும், சத்தம் இருக்காது, யாரும் டார்கெட் கேட்க மாட்டார்கள். புத்தகக் கண்காட்சி வந்தால் பத்து பர்சென்ட் கழிவு உண்டு. பஜ்ஜிக்குக் கழிவு கிடையாது. எதை அதிகம் வாங்குவது என்று வணிகவியல் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டாம்.

பரிசு கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன அட்டவணை:

கல்யாணம் நிச்சயமாகப் போகிற நண்பனுக்கு: 'தலைகீழ் விகிதங்கள்'. (நிச்சயம் ஆவதற்கு முன்னால் கொடுக்கவும். பின்னால் கொடுத்தால் கம்பெனி பொறுப்பல்ல.)

துபாய், சிங்கப்பூர் கிளம்புகிற தம்பிக்கு: 'கடலுக்கு அப்பால்'.

அப்பா கம்பெனியில் டைரக்டராக இருக்கும் பணக்கார நண்பருக்கு: 'காச்சர் கோச்சர்'. அதற்கப்புறம் அவர் உங்களோடு பேசாவிட்டால், படித்துவிட்டார் என்று அர்த்தம்.

சினிமாவில் சேர சென்னைக்கு ரயிலேறும் மச்சானுக்கு: 'கரைந்த நிழல்கள்'. கூடவே ரிட்டர்ன் டிக்கெட்டும்.

'இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்கறா?' என்று டீக்கடையில் சொல்கிற பெரியவருக்கு: 'பூக்குழி'.

மானேஜருக்கு என்ன கொடுக்கலாம் என்கிறீர்களா? ஒன்றும் வேண்டாம். அவரே ஒரு நாவல். தினமும் ஒன்பதரையிலிருந்து ஆறு வரை படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்!